உங்க டீ கிளாஸுக்குள்ள ஒரு நாணல்! - பரம்பரையைப் படிச்ச ஜானகி அம்மாளின் கதை

கும்பகோணத்துல இருந்து மன்னார்குடிக்கு பஸ்ல போறீங்கன்னு வச்சுக்கோங்க. வலங்கைமான் கிட்ட வர்றப்போ ரீல்ஸைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஜன்னல் வழியா வெளிய பாருங்க. குடமுருட்டி ஆறு வரும். பங்குனி மாசம் பாடைக்காவடி எடுக்குறவங்க குளிச்சிட்டு மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புறது இந்த ஆத்துல இருந்துதான். தண்ணி இருக்கோ இல்லையோ, கரையோரம் ஒரு புல் மட்டும் ஆள் உயரத்துக்கு நிக்கும். சீசன் வந்தா உச்சியில வெள்ளை வெளேர்னு பஞ்சு மாதிரி பூக்கும். நாணல்தான் அது.

அதை யாரும் விதைக்கிறதில்ல, உரம் போடுறதில்ல. வாய்க்கால் தூர்வார்றப்போ முதல்ல வெட்டித் தள்ளுறதும் அதைத்தான். ஆனா இன்னிக்குக் காலையில நீங்க குடிச்ச டீயில சர்க்கரை இருந்துச்சுன்னா, அந்தச் சர்க்கரை வந்த கரும்புக்கு இந்த நாணல் ஒரு பாட்டன் முறை. சும்மா சொல்லலைங்க. சர்க்கரை ஆலைக்குப் போற கரும்போட குரோமோசோம்கள்ல பத்துல ஒரு பங்குக்குக் குறையாம நாணல் வழியா வந்ததுதான்.

இந்த உறவுமுறையை மைக்ரோஸ்கோப் வழியா ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமான ஒருவர் நம்ம கோயம்புத்தூர்ல வேலை செஞ்சார். சேலை கட்டிக்கிட்டு, கல்யாணம் பண்ணிக்காம, உலகப்போர் குண்டு மழைக்கு நடுவுலயும் குரோமோசோம் எண்ணிக்கிட்டிருந்த அவர் பேரு ஜானகி அம்மாள். பிளஸ் டூ உயிரியல்ல மரபியல் பாடத்தை மார்க்குக்காக மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க, இவங்க கதையைக் கொஞ்சம் கேளுங்க. அந்தப் பாடம் திடீர்னு வேற மாதிரி தெரியும்.

தலச்சேரியில ஒரு பெரிய வீடு

1897 நவம்பர் 4. அப்போ சென்னை மாகாணத்துல இருந்த தலச்சேரியில ஜானகி பிறந்தார். அப்பா இ.கே.கிருஷ்ணன் சப் ஜட்ஜ். ரெண்டு மனைவிகள் மூலமா அந்த வீட்டுல மொத்தம் 19 பிள்ளைகள். அப்பாவுக்குத் தோட்டம்னா உயிர். வடக்கு மலபார்ப் பறவைகளைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்கார். செடியைப் பார்த்தா நின்னு கவனிக்கிற பழக்கம் பொண்ணுக்கு அங்க இருந்துதான் ஒட்டிக்கிச்சு.

அம்மா தேவி பக்கம் இன்னொரு கதை இருக்கு. தேவி, ஜான் சைல்ட் ஹானிங்டன்ங்கிற ஆங்கிலேய அதிகாரிக்கும் ஒரு உள்ளூர்ப் பெண்ணுக்கும் முறையான கல்யாணம் இல்லாம பிறந்தவர். குடும்பம் தீயர் சமூகம். அந்தக் காலத்துல சாதி ஏணியில கீழ வைக்கப்பட்ட சமூகம் அது. அதுக்குள்ளயும் இந்தக் கலப்பு ரத்தம்ங்கிற பேச்சு வேற. படிப்பு இருந்தது, வசதி இருந்தது, ஆனா யாரு, எங்கிருந்து வந்தவங்கன்னு கேட்கிற கேள்வி மட்டும் வாசல்லயே உட்கார்ந்திருந்தது.

பரம்பரைங்கிற வார்த்தையை ஊர் ஒரு அர்த்தத்துல சொல்லும், அறிவியல் வேற அர்த்தத்துல சொல்லும். ஊர் சொல்ற அர்த்தத்தைச் சின்ன வயசுலயே சுமந்த ஒரு பொண்ணு, அறிவியல் சொல்ற அர்த்தத்தைத் தேடிப் போனாங்கிறது இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

முறைப்பையனா, மிச்சிகனா?

பள்ளிப்படிப்பை ஊர்ல முடிச்சிட்டு ஜானகி சென்னைக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியில படிச்சு, 1921-ல மாநிலக் கல்லூரியில தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில பாடம் எடுத்தார்.

அக்காமார்களுக்கு ஒவ்வொருத்தரா கல்யாணம் நடந்தது. ஜானகி முறை வந்தப்போ, நெருங்கின சொந்தத்துலயே முறைப்பையன் ஒருத்தரைப் பேசினாங்க. அதே நேரத்துல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஆசியப் பெண்களுக்காக வச்சிருந்த பார்பர் உதவித்தொகை கைக்கு வந்தது. ஒண்ணைத்தான் எடுக்க முடியும். 1924-ல கப்பல் ஏறிட்டார். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல.

நியூயார்க் எல்லிஸ் தீவுல இறங்கினப்போ குடியேற்ற அதிகாரிங்க அவரைத் தடுத்து வச்சாங்களாம். பட்டுச்சேலையும் நீளமான தலைமுடியுமா இருந்த பொண்ணைப் பார்த்து, இந்திய இளவரசியோன்னு அவங்களுக்குச் சந்தேகம். கேட்டப்போ ஜானகி இல்லைன்னு மறுக்கவே இல்லைன்னு குடும்பத்துல சொல்வாங்க.

மிச்சிகன்ல முதுகலை முடிச்சு, சென்னைக்கு வந்து பாடம் எடுத்து, திரும்பவும் போய் 1931-ல டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவுல தாவரவியல் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கின முதல் இந்தியப் பெண்ணுன்னு இன்னிக்கு அவரைச் சொல்றாங்க. அங்கே அவர் ஆராய்ச்சி பண்ணினதுல நம்ம கத்தரிக்காயும் உண்டு.

மெண்டல்கிட்ட ஒரு நிமிஷம்

இங்க கொஞ்சம் பாடப்புத்தகத்தைத் திறப்போம். பயப்படாதீங்க, மார்க் கிடையாது.

மெண்டல் பட்டாணிச் செடியை வச்சு எழுதின கட்டுரை 1866-லயே அச்சாகிடுச்சு. 34 வருஷம் யாரும் கண்டுக்கல. 1900-லதான் உலகம் அதைத் திரும்பக் கண்டுபிடிச்சது. அப்போ ஜானகிக்கு மூணு வயசு நிறையலை. அதாவது, மரபியல்ங்கிற துறையும் ஜானகியும் கிட்டத்தட்ட ஒண்ணா வளர்ந்தவங்க.

மெண்டல் சொன்னதோட சாரம் இதுதான். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தா நடுத்தர உயரத்துல செடி வரல. எல்லாமே நெட்டையா வந்தது. அந்த நெட்டைகளைத் தங்களுக்குள்ளயே மகரந்தச் சேர்க்கை பண்ண விட்டா, அடுத்த தலைமுறையில நாலுல ஒண்ணு மறுபடியும் குட்டை. குட்டைக் குணம் எங்கயும் போயிடல. உள்ள ஒளிஞ்சு இருந்தது. பாலும் தண்ணியும் மாதிரி குணங்கள் கலந்து கரையிறதில்ல. சோழி மாதிரி தனித்தனியா கை மாறுது. அந்தச் சோழியைத்தான் இப்போ ஜீன்னு சொல்றோம்.

நெருங்கின சொந்தத்துல கல்யாணம் வேண்டாம்னு டாக்டர்கள் ஏன் சொல்றாங்கங்கிறதும் இதுக்குள்ளயே இருக்கு. ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து, நோய் கொடுக்கிற ஒரே ஒளிஞ்ச ஜீன் ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். தனியா இருக்கும்போது அது சத்தமே போடாது. குழந்தைகிட்ட ரெண்டும் சேர்ந்தா வெளிய வரும். தன் கல்யாணத்தை ஜானகி மறுத்தது இந்தக் காரணத்துக்காக இல்ல, படிப்புக்காக. ஆனா பின்னாடி அவர் வாழ்நாள் முழுக்கப் படிச்சது இந்தக் கணக்கைத்தான்.

ஜீன்கள் எல்லாம் குரோமோசோம்ங்கிற நூல்கள்ல கோத்த மணி மாதிரி இருக்கு. மனுஷனுக்கு 46 குரோமோசோம், நெல்லுக்கு 24, பட்டாணிக்கு 14. பாதி அப்பாகிட்ட இருந்து, பாதி அம்மாகிட்ட இருந்து. கணக்கு சுத்தமா இருக்குல்ல? ஜானகி கையில எடுத்த செடி இந்தச் சுத்தமான கணக்கையே கலைச்சுப் போடுற செடி.

கோயம்புத்தூருக்கு வந்த கரும்பு

திருவனந்தபுரத்துல ரெண்டு வருஷம் பேராசிரியரா இருந்துட்டு, 1934-ல ஜானகி கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துல மரபியல் ஆராய்ச்சியாளரா சேர்ந்தார். 1912-ல தொடங்கின நிலையம் அது. இன்னிக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனமா அங்கதான் இருக்கு.

கரும்புக்கு ஏன் கோயம்புத்தூர்னு நீங்க கேட்கலாம். கரும்பு பூத்து, விதை பிடிக்கிற பருவநிலை அங்க இருக்கு. வட இந்தியாவுல அது சரியா அமையாது. விதை இல்லாம கலப்பினம் உருவாக்க முடியாதே.

நம்ம விவசாயிங்க கரும்பை விதையில இருந்து வளர்க்கிறதில்ல, கரணை வெட்டி நடுவாங்க. கரணையில வர்ற ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியோட அச்சு அசல் நகல். ருசி மாறாது, பருமன் மாறாது. அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. செவ்வழுகல் மாதிரி ஒரு நோய் வந்து ஒரு செடியை வீழ்த்திச்சுன்னா, வயல் முழுக்க இருக்கிறது அதே செடிதான். எல்லாரும் ஒரே பூட்டு போட்டிருக்கிற தெருவுல திருடனுக்கு ஒரு சாவி போதும்ல? அது மாதிரி.

பொங்கலுக்கு நாம கடிச்சுத் தின்னுற தடிச்ச செங்கரும்பு மாதிரியான இனங்களோட பூர்விகம் நியூ கினி தீவுப் பக்கம். இனிப்பு அதிகம், சாறு அதிகம், ஆனா செல்லப்பிள்ளை. வறட்சி தாங்காது, நோய் தாங்காது. வட இந்தியாவுல இருந்த நாட்டுக் கரும்போ ஒல்லியா, விளைச்சல் குறைவா இருந்தது. அதனால இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல இந்தியா ஜாவாவுல இருந்து கப்பல் கப்பலா சர்க்கரை வாங்கிக்கிட்டிருந்தது.

இந்த இடத்துலதான் நம்ம நாணல் உள்ள வருது. கோயம்புத்தூர்ல பார்பர்ங்கிற ஆங்கிலேய விஞ்ஞானியும், டி.எஸ்.வெங்கட்ராமனும் சேர்ந்து, தடிச்ச கரும்பை அங்கேயே காட்டுல வளர்ந்த நாணலோட கலந்தாங்க. கோ 205-ங்கிற ரகம் பிறந்து, 1918-ல வட இந்திய வயலுக்குப் போச்சு. கரும்புகிட்ட இருந்து இனிப்பு, நாணல்கிட்ட இருந்து முரட்டுத்தனம். முதல் கலப்புல இனிப்பு குறைஞ்சா, திரும்பத் திரும்பக் கரும்போடயே கலந்து இனிப்பை மீட்பாங்க. ஆயிரக்கணக்கான நாத்துல தேறுறது ஒண்ணோ ரெண்டோதான். தேறின ஒண்ணை அப்புறம் கரணை போட்டுப் பெருக்கலாம்.

கலப்பு வேலை நடந்துக்கிட்டிருந்தது. ஆனா உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் ஜானகி.

எண்ணத் தெரிஞ்ச கண்ணு

வேர் நுனியை வெட்டி, சாயம் ஏத்தி, கண்ணாடித் தகட்டுல நசுக்கி, மைக்ரோஸ்கோப்புல குரோமோசோம்களை எண்ணணும். மனுஷனுக்கு 46-ன்னு சொன்னேன்ல? தடிச்ச கரும்புக்கு 80. நாணலுக்கு? இங்கதான் விளையாட்டு. ஒரு ஊர் நாணலுக்கு 40, இன்னொரு ஊர் நாணலுக்கு 64, வேறொரு இடத்துல 100-ஐயும் தாண்டும், 128 வரைக்கும் போகும். பார்க்க எல்லாம் ஒரே புல். உள்ள எண்ணிக்கை வேற வேற.

ஒரு செடியில குரோமோசோம் தொகுதி ரெண்டுக்குப் பதிலா மூணு, நாலு, எட்டுன்னு அடுக்கடுக்கா இருந்தா அதைப் பன்மயம்னு சொல்வாங்க. விலங்குகள்ல இது ரொம்ப அபூர்வம். செடிகள்ல சர்வ சாதாரணம். வீட்டு வாழைத்தாரையே எடுத்துக்கோங்க. பூவன், மொந்தன் ரெண்டுலயும் மூணு தொகுதி, மொத்தம் 33. மூணை ரெண்டா சமமாப் பிரிக்க முடியாது. அதனால விதை பிடிக்காது. பழத்தை நாம கொட்டையைத் துப்பாம சாப்பிடுறது இந்தக் கணக்குக் கோளாறாலதான்.

ஒரு கலப்பினம் நிஜமாவே கலப்பினமான்னு கண்டுபிடிக்க ஜானகியோட எண்ணிக்கைதான் சாட்சி. நாட்டோட பல பகுதியில இருந்து வந்த நாணல்களை எண்ணி, இந்தப் புல்லோட வேர் இந்திய மண்ணுல எவ்வளவு ஆழமா, எவ்வளவு விதமா பரவியிருக்குன்னு காட்டினார். அதோட நிக்கல. கரும்பை மக்காச்சோளத்தோட, சோளத்தோட, வேற காட்டுப் புற்களோட எல்லாம் கலந்து பார்த்தார். வேற வேற பேரினத்தைச் சேர்ந்த செடிகள் இவை. கரும்பு-மக்காச்சோளக் கலப்பைப் பத்தின அவரோட குறிப்பு உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழ்ல வந்தது. 1934-ல சி.வி.ராமன் தொடங்கின இந்திய அறிவியல் அகாடமி, அடுத்த வருஷமே அவரை உறுப்பினராக்கிச்சு.

வெளிய இவ்வளவு மரியாதை. உள்ளே நிலைமை வேற. தனியா வாழ்ற ஒரு பொண்ணு, அதுவும் கீழ வைக்கப்பட்ட சாதியில பிறந்தவர், கூட வேலை பார்த்த ஆண்களுக்கு நிகரா, சில விஷயத்துல அவங்களுக்கு மேலயும் நின்னார். அது பலருக்குச் செரிக்கலன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க பதிவு பண்ணியிருக்காங்க. குணங்கள் எப்படிக் கை மாறுதுன்னு உலகத்துக்கே விளக்கிக்கிட்டிருந்தவரை, அவர் பிறந்த வீட்டை வச்சு எடை போட்டாங்க. எந்த மைக்ரோஸ்கோப்புலயும் சாதிக்குன்னு ஒரு குரோமோசோம் தெரியாதுன்னு அவரை விட நல்லாத் தெரிஞ்சவங்க அந்தக் கட்டடத்துல யாரு இருந்திருக்க முடியும்?

குண்டு விழுற ஊர்ல ஒரு அணில்

1939 ஆகஸ்ட். எடின்பரோவுல உலக மரபியல் மாநாடு. ஜானகி போயிருந்தார். மாநாடு முடியுற நேரத்துல ரெண்டாம் உலகப்போர் வெடிச்சது. அவர் ஊர் திரும்பல. லண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்துல வேலைக்குச் சேர்ந்தார்.

ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவாராம். காலையில ஆய்வகத்துக்குப் போய், அலமாரியில விழுந்த கண்ணாடிச் சில்லைக் கூட்டித் தள்ளிட்டு வேலையைத் தொடங்குவாராம். இந்தியாவுல இருந்து ஒரு குட்டி அணிலைச் சேலை மடிப்புல ஒளிச்சுக் கொண்டு போய் அங்க வளர்த்தார்னும் குடும்பத்துல ஒரு கதை உண்டு. அதுக்குப் பேரு கபோக். இலவம்பஞ்சுன்னு அர்த்தம்.

போர் முடிஞ்ச 1945-ல, டார்லிங்டன்ங்கிற பெரிய விஞ்ஞானியோட சேர்ந்து அவர் எழுதின பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ் வெளியானது. ஆயிரக்கணக்கான செடிகளோட குரோமோசோம் எண்ணிக்கை ஒரே புத்தகத்துல. கூகுள் இல்லாத காலத்துல ஆராய்ச்சியாளர்களுக்கு அது பக்கத்துலயே இருக்க வேண்டிய புத்தகம்.

அடுத்து விஸ்லியில இருக்கிற அரச தோட்டக்கலைச் சங்கத்தோட தோட்டம். அங்க சம்பளம் வாங்கின முதல் பெண் விஞ்ஞானி ஜானகிதான். மக்னோலியா மர நாத்துகள்ல கோல்சிசின்ங்கிற வேதிப்பொருளைத் தடவிப் பார்த்தார். செல் பிரியும்போது, இரட்டிச்ச குரோமோசோம்கள் ரெண்டு பக்கமா விலகிப் போகும். கோல்சிசின் அதைத் தடுத்துடும். விளைவு, ஒரே செல்லுக்குள்ள ரெண்டு மடங்கு குரோமோசோம். இலை தடிக்கும், பூ பெருசாகும். அந்த மக்னோலியாக்கள்ல ஒண்ணுக்கு ஜானகி அம்மாள்னே பேர் வச்சாங்க. விஸ்லி தோட்டத்துல வெள்ளை வெள்ளையா பூக்கும்.

கோல்சிசின்னா ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. நம்ம மாநிலப் பூ செங்காந்தள் இருக்குல்ல, அதோட விதையிலயும் கிழங்குலயும் இருக்கிறது இதேதான். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு பயிர் பண்ணி, விதையை மருந்து கம்பெனிகளுக்கு விக்கிறாங்க. விஷம்ங்கிறதால கை வைக்கும்போது மட்டும் கவனம்.

37 மைல் தாண்டி ஒரு மரம்

1951-ல நேரு அழைச்சார். ஜானகி இந்தியா திரும்பினார். 1890-ல ஆங்கிலேயர் தொடங்கின இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கிற பொறுப்பு அவர்கிட்ட வந்தது. நாட்டுல என்னென்ன செடி இருக்குன்னு இந்தியர்களே கண்டறிஞ்சு, இந்தியாவுலயே பாதுகாக்கணும்ங்கிறது அவரோட எண்ணம். திட்டம் தயாரிச்சுக் கொடுத்தார். ஆனா கொஞ்ச காலத்துல அந்தத் துறையோட தலைமை ஐரோப்பாவுல பிறந்த ஒரு தாவரவியலாளர் கைக்குப் போச்சு. தோத்துப்போன மாதிரி உணர்ந்ததா டார்லிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அதுக்காக வேலையை விடல. அலகாபாத், ஜம்மு, டிராம்பேன்னு அடுத்தடுத்த ஆய்வகங்கள்ல தொடர்ந்தார்.

அந்த வருஷங்கள்ல அவர் யோசனையில ஒரு மாற்றம் வந்தது. கலப்பினத்தால விளைச்சலைக் கூட்டுற வேலையில தொடங்கினவர், அந்த விளைச்சலுக்காக அழியிறது என்னென்னன்னு பார்க்க ஆரம்பிச்சார்.

ஒரு தடவை ஷில்லாங்ல இருந்து 37 மைல் தூரம், ஒரே ஒரு மரத்தைத் தேடிப் போனார். அந்தப் பகுதியிலயே மிச்சம் இருந்த ஒரே ஒரு மக்னோலியா இனம் அது. போய்ப் பார்த்தா, எரிச்சுட்டாங்க.

ஒரு மரம்தானேன்னு நமக்குத் தோணும். வடகிழக்கு மலைகளைப் பத்தி அவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தாத்தான் அந்த இழப்பு புரியும். சீனப் பக்கத்துச் செடிகளும், மலேயா பக்கத்துச் செடிகளும் இந்தியச் செடிகளும் சந்திக்கிற இடம் அது. அங்க இயற்கையே கலப்பினம் உருவாக்குது, குரோமோசோம் தொகுதிகள் அடுக்கடுக்கா பெருகுது, புதுப்புது இனங்கள் பிறக்குது. பரிணாமம்னா என்னிக்கோ கோடி வருஷம் முன்னாடி நடந்து முடிஞ்ச விஷயம்னு நாம நினைக்கிறோம். அது இப்பவும் நடந்துக்கிட்டிருக்கு. அதுக்கு வேண்டிய மூலப்பொருள் ஒண்ணே ஒண்ணு, வித்தியாசம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்?

1955-ல அமெரிக்காவோட பிரின்ஸ்டன்ல, பூமியோட முகத்தை மனுஷன் எப்படி மாத்திட்டான்னு விவாதிக்க ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்டவங்கள்ல ஒரே பெண் ஜானகிதான். இந்தியாவுல சாதாரண ஜனங்க, பழங்குடி மக்கள் தங்கள் பிழைப்புக்காகச் செடிகளை எப்படிப் பயன்படுத்துறாங்க, எப்படிக் காப்பாத்தி வச்சிருக்காங்கன்னு அங்க பேசினார். அடுத்த வருஷம் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

மதுரவாயல் பாட்டியும் அமைதிப் பள்ளத்தாக்கும்

1970-ல ஜானகி சென்னைக்கே திரும்பி வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துல கௌரவ விஞ்ஞானி. மதுரவாயல்ல இருந்த களஆய்வகம்தான் வீடு மாதிரி. காந்திய எளிமை. மூலிகைகள், செடிகள், மைக்ரோஸ்கோப். 1977-ல பத்மஸ்ரீ வந்தது.

அந்த நேரத்துலதான் கேரளத்துல, பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்குல குந்திப்புழை ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டாங்க. மழைக்காடு மூழ்கும். விஞ்ஞானிகள், ஆசிரியர்கள், கவிஞர்கள்னு பலரும் எதிர்த்தாங்க. எண்பது வயசுப் பாட்டி ஜானகியும் அந்த வரிசையில நின்னார். அவர் கையில எடுத்தது அவருக்குத் தெரிஞ்ச ஆயுதத்தை. அந்தப் பள்ளத்தாக்குச் செடிகளோட குரோமோசோம்களை எண்ணிப் பதிவு பண்ண இறங்கினார். காடு போயிடுமோ என்னமோ, அதுல என்ன இருந்ததுங்கிற கணக்காவது மிஞ்சணும்ல?

1984 பிப்ரவரியில, 86 வயசுல, மதுரவாயல்ல ஜானகி அம்மாள் காலமானார். அதே வருஷம் நவம்பர் 15-ம் தேதி அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவா அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாச வித்தியாசம். ஜெயிச்ச செய்தியைப் பார்க்க அவர் இல்லை. காடு இருக்கு.

சரி, இதுல நமக்கென்ன?

இருக்கு. நம்ம டெல்டாவோட சாப்பாட்டுத் தட்டையே எடுத்துக்கோங்க. 1970-கள்ல ஆசியா முழுக்க நெல்லைப் புல்குட்டை வைரஸ் நோய் தாக்கிச்சு. பயிர் ரகங்கள்ல எதிர்ப்புச் சக்தி எதுலயும் இல்ல. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைத் தேடிப் பார்த்தது. எதிர்ப்புச் சக்தி கிடைச்சது ஒரே ஒரு காட்டு நெல்லுல. அது உத்தரப்பிரதேசத்துல, பயிர் நெல்லுக்குப் பக்கத்துல களையா வளர்ந்துக்கிட்டிருந்த செடி. அதோட ஜீனை வாங்கித்தான் ஐ.ஆர்.36 மாதிரி ரகங்கள் வந்துச்சு. அந்தக் களையை அதுக்கு முன்னாடியே முழுசாப் பிடுங்கி எறிஞ்சிருந்தா?

இன்னிக்கும் டெல்டாவுல ஒரு வருஷம் தண்ணி வராது, இன்னொரு வருஷம் வெள்ளம் வரும், கடலோரக் கிராமங்கள்ல உப்பு ஏறுது. அடுத்த இருபது வருஷத்துல நம்ம நெல்லுக்கும் கரும்புக்கும் எந்தக் குணம் தேவைப்படும்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. அது ஏதோ ஒரு வரப்போரப் புல்லுலயோ, குளத்தங்கரைக் காட்டு நெல்லுலயோ ஒளிஞ்சு இருக்கலாம், மெண்டலோட குட்டைப் பட்டாணி மாதிரி. தொலைச்ச பிறகு அதை எந்த ஆய்வகத்துலயும் ஆர்டர் போட்டு வாங்க முடியாது.

ஜானகி அம்மாளை உலகம் இப்போ ஞாபகம் வச்சுக்க ஆரம்பிச்சிருக்கு. மத்திய அரசு தாவர, விலங்கு வகைப்பாட்டியலுக்கு அவர் பேர்ல விருது கொடுக்குது. கொடைக்கானல்ல உருவாக்கின ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பேரைச் சூட்டியிருக்காங்க. ஆனா நம்ம பக்கத்து காலேஜ்ல தாவரவியல் படிக்கிற எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? உங்க வகுப்புலயே கேட்டுப் பாருங்க. மெண்டல் பேரைச் சொல்றவங்க, கோயம்புத்தூர்ல உட்கார்ந்து கரும்போட பூர்விகத்தைத் தேடின இந்தப் பெண்ணோட பேரையும் சொல்லணும்ல?

அடுத்த தடவை வலங்கைமான் பாலம் தாண்டுறப்போ குடமுருட்டிக் கரையைப் பாருங்க. நாணல் ஆடிக்கிட்டு நிக்கும். முடிஞ்சா இறங்கி, அதோட தண்டை ஒரு தடவை பக்கத்துல பாருங்க. ஒல்லியா, கணு கணுவா, அப்படியே ஒரு குட்டிக் கரும்பு. குடும்ப ஜாடை தெரியும்.